பிளாஸ்திரி ஒட்டிய கேசட்

எக்ஸ்பிரஸ் என்ற பெயரை அவளுக்கு வைத்தது சங்கு. டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து குச்சிகளைத் தட்டி ஒன்று, இரண்டு என்று அவள் எண்ண ஆரம்பித்தால், மூன்று சொல்வதற்குள் பாட்டு ஸ்டேஷனைத் தாண்டிவிடும் என்பது சங்கின் தீராத புகார். பெயர் வைத்தவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அவள் மைக்கைப் பிடித்து ஒருமுறை கத்தியதைக் கேட்டவர்கள், ஆலையில் சங்கு ஊதிவிட்டது என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பகலில் அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். "வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம்" என்று நோயாளிகளிடம் பூனைக்குட்டியைக் கொஞ்சுவதுபோலப் பேசுவாள். சாயங்காலம் தன்னுடைய வாயைத் திறப்பாள். மூன்றாமவன் தூண், லிஃப்ட் மெக்கானிக். பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றானென்றால் கூரையே இடிந்து விழுந்தாலும் நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டான்.

இந்த மூன்று பேரும் சேர்ந்ததுதான் 'கரண்ட் கட்' என்ற பங்க் இசைக்குழு. பங்க் என்றால் பெட்ரோல் போடும் இடம்தானே என்று எக்ஸ்பிரஸின் அப்பா ஒருமுறை கேட்டார். அவள் உட்கார வைத்து விளக்கினாள். பாட்டு ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது, பெரிய ஞானம் எதுவும் தேவையில்லை, எந்தக் கம்பெனியிடமும் கைகட்டி நிற்கக் கூடாது, பதிவு செய்வதிலிருந்து லேபிள் ஒட்டுவதுவரை எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள வேண்டும். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இன்ஜின் சத்தத்தில் பாதி ஆயுள் போனவருக்குச் சத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தூண் வேலை பார்த்த ஒரு பழைய அலுவலகக் கட்டிடத்தின் அடித்தளத்தில், லிஃப்ட் குழிக்குப் பக்கத்து அறைதான் அவர்களுடைய ஒத்திகைக் கூடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிடம் காலியாக இருக்கும். அங்கே அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதற்கு 'வாரப் பாட்டு' என்று பெயர். அந்த வாரம் தன்னைப் பிடித்து ஆட்டிய ஏதாவது ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. விதி ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு மோசமாக இருந்தாலும், முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்த பிறகும் முதலில் பேச வேண்டியவர் அதைக் கொண்டுவந்தவர். மீறினால் அன்றைக்கு டிரம்ஸ் சாமான் மொத்தத்தையும் தனியாளாகக் கட்டி வைக்க வேண்டும்.

சங்கு ஒருமுறை பல் துளைக்கும் கருவியின் சத்தத்தைப் பதிந்துகொண்டு வந்து முழுசாகப் போட்டாள். மற்ற இரண்டு பேரும் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். தூண் கொண்டுவருவதெல்லாம் புல்லாங்குழல். எலும்பும் சதையுமாக ஒரு பங்க் ஆள் ரகசியமாகப் புல்லாங்குழல் கேட்கிறான் என்பது வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று மற்றவர்கள் அதைக் கட்டிக் காப்பாற்றினார்கள். எக்ஸ்பிரஸ் மட்டும் எதையும் முழுசாகப் போட்டதில்லை. டேப்பை முன்னால் ஓட்டி ஓட்டி, நல்ல இடம் வந்ததும் நிறுத்தி, "இங்கதான், இங்கதான்" என்பாள். முழுசாகக் கேட்பதற்குத்தானே இந்த வழக்கம் என்று சங்கு தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்பிரஸ் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தாள். வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். உள்ளே பழைய கேசட்டுகள். ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு காதலனும் காதலியும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்கள். சிலவற்றில் மரத்தைச் சுற்றினார்கள். அப்பாவுடைய ரசனையைப் பாருங்கள் என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, பாட்டுப் போடுவதற்கு முன்பே விதி காற்றில் பறந்தது. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்கவில்லை.

யோசனை சொன்னது சங்குதான். அவர்களுடைய முதல் ஆல்பம் அப்போதுதான் தயாராகியிருந்தது. பெயர் 'அவ்வளவுதான்'. ஒத்திகையில் இருபத்திரண்டு நிமிடம் ஓடியதை, பதிவன்று எக்ஸ்பிரஸ் பத்தொன்பதில் முடித்துவிட்டாள். மூன்று நிமிடத்தை எங்கேடி தொலைத்தாய் என்று சங்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த ஆல்பத்தை விற்கக் கேசட் வேண்டும். புது கேசட் விலை கட்டுப்படியாகாது. இந்தக் காதலர்கள் மேலேயே பதிந்துவிட்டால் என்ன? நம்முடைய கூச்சல் முடிந்ததும் மிச்சமிருக்கும் டேப்பில் ஒரு காதல் பாட்டின் வால் தொங்கும். கேட்கிறவன் நாற்காலியிலிருந்து விழுவான். இந்த வேடிக்கை மூன்று பேருக்கும் பிடித்துப்போயிற்று.

கடையில் வாங்கும் பாட்டு கேசட்டின் விளிம்பில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். தெரியாமல்கூட யாரும் அதன்மேல் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஓட்டையை மூடி ஒட்டிவிட்டால் பதியலாம். எக்ஸ்பிரஸ் செலோடேப்பும் கையுமாக உட்கார்ந்தாள். பார்த்தால், ஓட்டைகள் ஏற்கெனவே மூடியிருந்தன. மஞ்சளாகிப்போன பழைய செலோடேப். ஒரு கேசட்டில் மட்டும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரி. பரவாயில்லையே, வேலை மிச்சம் என்று அவள் சந்தோஷப்பட்டாள். காதலர்களின் லேபிளை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டுவிட்டு 'கரண்ட் கட்' லேபிளை ஒட்டினாள். இரண்டு பக்கமும் அதே ஆல்பம். ஒரு பக்கம் பதிந்து முடிந்த நொடியில் பிடுங்கித் திருப்பி, அடுத்ததைப் போட்டாள். பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு அதெல்லாம் கைவந்த கலை. அந்த மாதமே, நான்கைந்து ஊர்களில் அவர்கள் வாசித்த இடங்களிலெல்லாம் கேசட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு ஜெராக்ஸ்காரர் வந்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மனிதர். கடை ஓய்ந்த நேரத்தில், இவர்களைப்போல யாரும் கண்டுகொள்ளாத குழுக்களைப் பற்றி எழுதி, நகலெடுத்து, பின் அடித்து ஒரு பத்திரிகையாக விற்பார். எல்லாக் குழுக்களிடமும் ஒரே கேள்விகள்தான். முதன்முதலில் எதைக் கேட்டு இந்தப் பைத்தியம் பிடித்தது, மேடை ஏறுவதற்குமுன் என்ன சாப்பிடுவீர்கள், வெளியில் சொல்ல வெட்கப்பட்டு ரகசியமாகக் கேட்கும் பாட்டு எது. மேடை ஏறும் முன் தனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காது என்றாள் சங்கு. எக்ஸ்பிரஸ் இரண்டு வாழைப்பழம் எடுப்பாளாம், ஒன்று அவசரத்தில் பாதியிலேயே கீழே விழுந்துவிடும் என்பதால். ரகசியப் பாட்டு என்றதும் தூண் கூரையைப் பார்த்தான். மற்ற இருவரும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து பையை மூடும்போது, "அந்த அம்மா யாருன்னு சொல்லவே இல்லயே?" என்று கேட்டார் ஜெராக்ஸ்காரர்.

எந்த அம்மா என்று மூன்று பேரும் விழித்தார்கள். ஆல்பத்தின் கடைசியில் பேசும் பெண்தான் என்றார் அவர். அவருடைய கேசட்டில் அந்தப் பெண் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுகிறாளாம். அவர் நண்பர் வாங்கிய கேசட்டில் வேறு எதையோ. ஒவ்வொன்றிலும் வேறு பேச்சு, எங்கிருந்து பிடித்தீர்கள், மொத்த ஆல்பத்திலும் அதுதான் உச்சம் என்று அவர் மனதாரப் பாராட்டினார். காதல் பாட்டின் வாலை எதிர்பார்த்திருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தன் கேசட்டை எடுத்துப் போட்டார். கடைசிப் பாட்டின் சிம்பல் தட்டுச் சத்தம் அடங்கியது. ஒரு பெண்குரல் பாதிப் பேச்சில் வந்து விழுந்தது. மூச்சு விடாத வேகத்தில் பத்து நிமிடம் ஓடிக் கடைசிக்கு வந்தது.

"...ஓடு மாத்த வரேன்னான், வரல, அத விடுங்க, டேப் முடியப் போகுது. ஒழுங்கா சாப்பிடுங்க, கப்பல்ல அத்தன பேருக்கும் ஆக்கிப் போட்டுட்டு நீங்க வயத்தக் காயப்போடாதீங்க. கொசு தூங்கிட்டா, ரெண்டு வார்த்த பேசுடின்னு எழுப்பினா கடிக்க வர்றா. சரி, உடம்பப் பாத்துக்கோங்க, இன்னொண்ணு சொல்லணும், அது..."

அதோடு டேப் முடிந்து பொத்தான் படக்கென்று எகிறியது.

எக்ஸ்பிரஸை இந்த உலகத்தில் கொசு என்று கூப்பிடுகிற ஆள் ஒருவர்தான் உண்டு. அவர் இப்போது வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். அம்மா செத்தபோது அவளுக்கு ஐந்து வயது. அம்மாவின் முகத்துக்குப் புகைப்படம் இருந்தது. குரலுக்கு எதுவும் இல்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அந்தக் குரல் இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இவ்வளவு அவசரமாக இருக்கும் என்று சத்தியமாகத் தெரியாது.

மூடிய ஓட்டை என்றால் யாரோ வீட்டில் உட்கார்ந்து அதன்மேல் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கேசட்டில் கை வைக்கும் எந்த பங்க் ஆளுக்கும் இது பாலபாடம். அவளுக்கும் தெரியும். கைக்கு வேலை மிச்சமான சந்தோஷத்தில் மூளைக்கு வேலை கொடுக்காமல் விட்டுவிட்டாள். அட்டையில் இருந்த காதலர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், விளிம்பைத் தடவிய விரல் சொன்னது மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு அவள் டிரம்ஸைக் கட்டி வைக்கவில்லை. சங்கும் தூணும் கட்டினார்கள்.

வீட்டுக்குப் போனவள் செருப்பைக் கழற்றாமலே அடுப்படி வாசலில் நின்றாள். பரணில் இருந்த சாக்கு மூட்டையில் இருந்தது என்ன என்று கேட்டாள். அப்பா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட்பதற்கு யாராவது வரவேண்டும் என்று காத்திருந்தவர்போல, சாவகாசமாகச் சொன்னார். அவர் கப்பலில் இருந்த காலத்தில் அம்மா பேசிப் பேசி அனுப்பிய கேசட்டுகள் அவை. எழுத அவளுக்குப் பொறுமை கிடையாது. வெறும் கேசட் வாங்கக் காசும் கிடையாது. வீட்டிலிருந்த பாட்டு கேசட்டின் ஓட்டையை ஒட்டிவிட்டு அதன்மேலேயே பேசுவாள். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒன்று வந்து காத்திருக்கும். முதல் பாதி முழுக்க வீட்டுச் சண்டை, பக்கத்து வீட்டுச் சண்டை. டேப் தீரப்போகிறது என்று தெரிந்ததும்தான் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே ஆரம்பிப்பாளாம். அதைச் சொல்லிவிட்டு அப்பா சிரித்தார்.

"எல்லாம் தேயத் தேயக் கேட்டதுதான். கடைசியா வந்தத மட்டும் கேக்கல" என்றார் அப்பா.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியது அது. உடம்பு சரியில்லை என்று அவருக்குத் தந்தி வந்தபோது, பக்கத்துத் துறைமுகத்திலேயே இறங்கியிருக்கலாம். இந்த ஒரு பயணத்தை முடித்துவிட்டுப் போவோம், மொத்தமாகச் சம்பளம் கிடைக்கும், வைத்தியத்துக்கு ஆகும் என்று நினைத்துவிட்டார். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கேசட் துறைமுகம் துறைமுகமாக அவரைத் தேடி அலைந்துவிட்டு, பல வாரம் கழித்து வீட்டுக்குத் திரும்பி வந்தது. செலோடேப் ஒட்டக்கூட அங்கே வழியில்லை போலிருக்கிறது, பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள் என்றார்.

ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்டாள். அவளுக்கே கேட்காத குரலில்.

"நான் வரலன்னு திட்டியிருப்பாளோன்னு மொதல்ல பயம். அப்புறம், அதக் கேக்காம வச்சிருக்கிற வரைக்கும் அவ எங்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்குன்னு ஆயிடுச்சு. கேட்டுட்டா அவ்வளவுதான், தீர்ந்துடும்." விரல்களைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "இப்ப கொஞ்ச நாளா கேட்டுடலாம்னு தோணுது கொசு. எனக்கும் வயசாகுது. உனக்குத் தெரிஞ்ச எடத்துல ஒரு டேப் ரிக்கார்டர் கெடச்சா எடுத்துட்டு வா."

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். சிரித்ததைக்கூட விடாமல் சொன்னாள். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இளைப்பாறலாக இருந்திருக்கும். எழுந்து போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி கழுவினார். அன்றிலிருந்து அவளோடு அவர் பேச்சு சாப்பாடு இருக்கிறது, கதவைச் சாத்து என்ற அளவில் நின்றுபோனது.

கேசட் வேட்டை தொடங்கியது. ஜெராக்ஸ்காரர் தன் பத்திரிகையின் முன்பக்கத்தை ஒதுக்கினார். 'அவ்வளவுதான்' வைத்திருப்பவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள், புது கேசட்டில் பதிந்து தருகிறோம், விளிம்பில் பிளாஸ்திரி இருந்தால் உடனே சொல்லுங்கள். அந்தச் சின்ன உலகத்தில் செய்தி பரவுவதற்கு அதிக நாள் ஆகவில்லை. காதில் வளையமும் கிழிந்த சட்டையுமாக ஆட்கள் ஊரூராகக் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஒவ்வொருவரும் தன் கேசட்டில் அந்த அம்மா என்ன சொல்கிறாள் என்று ஒப்பித்தார்கள். தையல்காரி ஒருத்தி, "இருமலுக்கு வெந்நி குடிங்கன்னு சொல்வாங்க, நான் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கேசட்டைக் கையைவிட்டு விட மனமில்லாமல் நின்றாள்.

தூண் தன் டேப் ரிக்கார்டரை எக்ஸ்பிரஸின் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். அவள் ஒவ்வொரு கேசட்டையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அப்பா பகலில் தனியாக உட்கார்ந்து கேட்பார் போலிருக்கிறது. சாயங்காலம் வரும்போது இடது பக்கம் வைத்தது வலது பக்கம் மாறியிருக்கும். ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "மூணாவது பாட்டுல என்னத்துக்கு அப்படிக் கத்துறா அந்தப் பொண்ணு? தொண்ட போயிடாது?" என்றார். அப்போதுதான் எக்ஸ்பிரஸுக்குப் புரிந்தது. அவர் ஓட்டவில்லை. அம்மாவிடம் போய்ச் சேருவதற்காக, ஒவ்வொரு தடவையும் அந்தக் கூச்சல் முழுவதையும் கேட்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

பிளாஸ்திரி ஒட்டியது மட்டும் வரவில்லை. தூண் லீவு போட்டுவிட்டு, வாசித்த ஊர்களுக்கெல்லாம் போய் விசாரித்தான். சங்கு நோயாளிகளைக்கூட விடவில்லை. பல்லைப் பிடுங்கக் காத்திருப்பவனிடம் கேசட் உண்டா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான் பாவம்.

கடைசியில் அது கிடைத்த இடத்தை நினைத்தால் எக்ஸ்பிரஸுக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். அவள் வேலை செய்யும் பார்சல் கூடத்துக்கு வாரா வாரம் சரக்கு இறக்க வரும் லாரிக்காரரிடம் இருந்தது. அவளேதான் ஒரு மதிய வேளையில் சும்மா கொடுத்திருக்கிறாள். கொடுத்ததை மறந்தும்விட்டாள். ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது, அது அவள் கண்ணெதிரே வந்து நின்று சரக்கை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. லாரிக்காரர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை. வண்டியில் உங்கள் பாட்டைப் போட்டால் தூக்கம் கிட்டவே வராது தங்கச்சி என்று அவராகச் சொன்னபோதுதான் அவள் இறக்கிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். கேசட்டை வெளியே இழுத்தாள். விளிம்பில், அழுக்கேறி, ஓரம் சுருண்டு, பிளாஸ்திரி இருந்தது.

அதன் கடைசியில் ஏதாவது பேச்சு வருமா என்று கேட்டாள்.

"பேச்சா? ஒரு பக்கம் பழைய பாட்டோட வால் வரும். இன்னொரு பக்கம் ஒண்ணும் கெடையாது, வெறும் இரைச்சல். நான் அங்கயே நிறுத்திடுவேன்" என்றார் லாரிக்காரர்.

அவள் கேட்க விரும்பாத பதில் இதுதான். அவளுக்கு இது முன்பே உள்ளூரத் தெரியும். சாகக் கிடக்கிற மனுஷி ஒரு பக்கம் முழுவதும் பேசியிருக்க முடியாது. பேசியது நான்கு வார்த்தையோ நாற்பது வார்த்தையோ, எல்லாம் தொடக்கத்திலேயே இருந்திருக்கும். அந்தத் தொடக்கத்தின்மேல்தான் எக்ஸ்பிரஸ் குச்சியைத் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறாள். திட்டினாளோ, மன்னித்தாளோ, கொசுவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளோ, அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாமலே அப்பா செத்துப்போவார். இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் அது பொய்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் அவள் வீட்டில் கூடினார்கள். சிரித்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு, நாங்களும் வந்து உட்காருவோம் என்று சங்குதான் பிடிவாதம் பிடித்தாள். எக்ஸ்பிரஸ் கேசட்டை அப்பாவின் கையில் வைத்தாள். லாரிக்காரர் சொன்னதைச் சொன்னாள். அப்பா கட்டைவிரலால் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அவரே அதை உள்ளே தள்ளிப் பொத்தானை அழுத்தினார்.

கூச்சல் ஆரம்பித்தது. எக்ஸ்பிரஸ் கையை நீட்டினாள். இருக்கிற பத்து நிமிட இரைச்சலைக் கேட்பதற்கு இதை வேறு ஏன் கேட்க வேண்டும், ஓட்டிவிடலாம் என்று.

"ஓட்டாத. அதுக்கு அடியிலதான் அவ இருக்கா" என்றார் அப்பா.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். பன்னிரண்டு பாட்டும் ஓடின. சங்கு தன் குரலைத் தானே தாங்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசிச் சிம்பல் அதிர்ந்து அடங்கியது. பிறகு இரைச்சல். ஆனால் வெறும் இரைச்சல் இல்லை. ஒரு மின்விசிறி கடக் கடக்கென்று சுற்றியது. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு போனது. லாரியின் இன்ஜின் சத்தத்தில் இதெல்லாம் யாருக்குக் கேட்கும்? செருப்புச் சத்தம் ஒன்று கிட்டே வந்தது. மூடிய கதவுக்கு அந்தப்பக்கமிருந்து வருவதுபோல ஒரு பெண்குரல்.

"என்னம்மா, இது இன்னும் சுத்திட்டு இருக்கு. பேசி முடிச்சாச்சுன்னா நிறுத்திடவா?"

பதில் வர நேரமானது. வந்த குரல் அந்தப் பழைய அவசரக் குரல்தான். ஆனால் அவசரம் போயிருந்தது.

"ஓடட்டும் சிஸ்டர். நான் பேசாம இருந்தாலும் அவர் கேப்பாரு."

செருப்புச் சத்தம் விலகிப் போனது. அந்தப் பேச்சு எத்தனையாவது நிமிடத்தில் வந்திருக்கும் என்று எக்ஸ்பிரஸ் யோசித்தாள். கூச்சல் முடிந்து இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஒத்திகையில் வாசித்த வேகத்தில் இருபத்திரண்டு நிமிடம் வாசித்திருந்தால் இதுவும் போயிருக்கும். சங்கு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். அவளும் அதையே கணக்குப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

அதன்பிறகு யாரும் பேசவில்லை. அறையிலும் சரி, டேப்பிலும் சரி. மின்விசிறி சுற்றியது. அதற்கு அடியில், கூர்ந்து கேட்டால், ஒரு மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. சில சமயம் தடங்கியது. தடங்கும்போதெல்லாம் அப்பாவின் மூச்சும் நின்று, அது திரும்ப வந்ததும் வந்தது. அவர் பெட்டியின்மேல் கண்ணை வைத்தபடி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிற மனிதர்போல உட்கார்ந்திருந்தார். தூண் தூணாகவே இருந்தான். எக்ஸ்பிரஸ் தன் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு நேரம் அசையாமல் கேட்டதில்லை. அந்த மூச்சு முடிந்துவிடக் கூடாது என்று, நடக்காது என்று தெரிந்தும், வேண்டிக்கொண்டாள்.

டேப் முடிந்து பொத்தான் எகிறியது.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் பேச வேண்டியவர் அப்பா என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அந்த விதியைப் பற்றி அவரிடம் யாரும் சொன்னதில்லை என்றாலும். அவர் கையை நீட்டி, நின்றுபோன பெட்டியின்மேல் வைத்தார்.

"கேட்டுட்டேன்" என்றார்.